கலிமா ஒன்று, மொழிகள் பல

நிக்காஹ் மஜ்லிஸ் ஆகட்டும், மீலாது மேடை ஆகட்டும், நம்மவர் நால்வர் கூடும் இடத்தில் ஒரு பேச்சு எழக் கேட்டிருக்கிறோம். “இறைவன் ஒருவன், வேதம் ஒன்று, கிப்லா ஒன்று. மொழியும் ஒன்றாக இருந்திருந்தால் இந்தச் சமுதாயம் இப்படிச் சிதறிக் கிடக்குமா?” என்பதே அப்பேச்சு. கேட்டவர்கள் தலையசைப்பார்கள். சிலர் பெருமூச்சும் விடுவார்கள்.

சொல்பவரின் எண்ணத்தில் குற்றம் காண நாம் முற்படவில்லை. சமுதாய ஒற்றுமையின் மீது அவருக்குள்ள ஆசையே அவரை அவ்வாறு பேச வைக்கிறது. ஆயினும், அக்கருத்து பிழையானது. பிழையானது மட்டுமன்று; ஆபத்தானதும் ஆகும். ஏனெனில், ஆட்சி அதிகாரம் கைக்கு வந்தபோது அதே கருத்தைச் சட்டமாக்கிய முஸ்லிம் நாடுகள் உண்டு. அந்நாடுகள் ஒற்றுமையைப் பெறவில்லை. இருந்த ஒற்றுமையையும் இழந்தன.

மார்க்கத்தின் நிலை யாது? அருள்மறையின் ‘ரூம்’ அத்தியாயம், வானம் பூமியின் படைப்போடு சேர்த்து, மாந்தரின் மொழி வேற்றுமையையும் நிற வேற்றுமையையும் இறைவனின் அத்தாட்சிகளாக எண்ணிக் காட்டுகிறது. ‘இப்ராஹீம்’ அத்தியாயமோ, இறைத்தூதர் ஒவ்வொருவரும் அவரவர் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டதாக அறிவிக்கிறது. அரபியருக்கு அரபியரல்லாதார் மீது மேன்மை இல்லை என்பதும், இறையச்சமே மேன்மைக்கு அளவுகோல் என்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதிப் பேருரையாக நாம் சிறுவயது முதல் கேட்டு வருபவை. இறைவன் தன் அத்தாட்சி என்று கூறிய ஒன்றை நாம் ஏன் சமுதாயத்தின் நோய் என்று கருத வேண்டும்?

“அரசுக்கு ஏதாவது ஒரு மொழி வேண்டாமா?” என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆட்சிமொழி இன்றி அலுவலகம் நடவாது. ஆனால், ஆட்சிமொழி என்பது கொடியைப் போலவோ நாட்டுப் பாடலைப் போலவோ வெறும் அடையாளம் அன்று. அஞ்சலகத்தின் மணியார்டர் படிவம் எம்மொழியில் இருக்கிறது? வேலைக்குரிய தேர்வை எம்மொழியில் எழுத வேண்டும்? நிலப் பத்திரம் எம்மொழியில் எழுதப்படுகிறது? நீதிபதி எம்மொழியில் தீர்ப்புச் சொல்கிறார்? இவையே ஆட்சிமொழியின் பொருள். அது சோற்றுக்கும் நீதிக்கும் இட்ட வாசல். அந்த வாசலின் சாவியை ஒரு சாராரிடம் மட்டும் கொடுத்துவிட்டு, வெளியே நிற்பவரை நோக்கி, “நாமெல்லாம் சகோதரர்” என்று சொன்னால் அச்சொல்லை யார் நம்புவார்?

டாக்காவில் நடந்தது

1947இல் பாக்கிஸ்தான் பிறந்தது. மார்க்கத்தின் பெயரால் பிறந்த நாடு அது. அதன் குடிமக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கிழக்கு வங்காளத்தில் வாழ்ந்தனர். வங்காள மொழி பேசினர். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர், 1951ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, நூற்றுக்கு ஏழு பேர் அளவே. ஆயினும், புதிய அரசின் அஞ்சல் தலைகளிலும் நாணயங்களிலும் படிவங்களிலும் உருதுவும் ஆங்கிலமும் இடம்பெற்றன, வங்காளம் இடம்பெறவில்லை.

1948 பிப்ரவரியில் தீரேந்திரநாத் தத்தா என்னும் உறுப்பினர் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, உருது, ஆங்கிலம் ஆகியவற்றோடு வங்காளத்தையும் சபையின் மொழியாக ஏற்க வேண்டும் என்று கேட்டார். அவர் உருதுவை நீக்கச் சொல்லவில்லை. தம் மக்களின் மொழிக்கும் ஓர் இருக்கை கேட்டார், அவ்வளவே. பிரதமர் லியாகத் அலீ கான் மறுத்தார். பாக்கிஸ்தான் முஸ்லிம்களின் நாடு. ஆகவே முஸ்லிம் சமூகத்தின் மொழியே அதன் பொதுமொழியாக இருக்க வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். வங்காள முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாகப் பேசியும் பாடியும் வந்த மொழி, ஒரே நாளில் முஸ்லிம்களின் மொழி அல்லாததாகிவிட்டது!

அதே ஆண்டு மார்ச் 21 அன்று காயிதே ஆஸம் ஜின்னா அவர்கள் டாக்காவில் பெருங்கூட்டத்தில் பேசினார்கள். மாகாணத்தின் மொழியை மாகாணத்தாரே தீர்மானிக்கலாம் என்றார்கள்; ஆனால் நாட்டின் அரசுமொழி உருதுவே, வேறெதுவும் அன்று என்று அறுதியிட்டார்கள். அவர்களின் தாய்மொழி குஜராத்தி. அன்று அவர்கள் பேசியதோ ஆங்கிலத்தில். உருதுவுக்காக உருது பேசாத ஒருவர், உருது அறியாத மக்களிடம், ஆங்கிலத்தில் வாதாடினார் என்பதிலேயே அக்கொள்கையின் செயற்கைத் தன்மை வெளிப்பட்டது. மூன்று நாள் கழித்துப் பல்கலைக்கழக விழாவிலும் அவர்கள் அதையே சொன்னபோது மாணவர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர்.

1952 ஜனவரியில் பிரதமர் குவாஜா நாஜிமுத்தீன் பழைய முடிவையே மீண்டும் அறிவித்தார். பிப்ரவரி 21 அன்று தடையுத்தரவை மீறி மாணவர்கள் திரண்டனர். காவல்துறை சுட்டது. அன்றும் மறுநாளும் விழுந்தவர்களின் பெயர்களைக் கேளுங்கள்: அபுல் பரக்கத், ரஃபீகுத்தீன், அப்துல் ஜப்பார், அப்துஸ் ஸலாம், ஷஃபீயுர் ரஹ்மான். நம் மஹல்லாவின் பதிவேட்டைப் புரட்டினால் இப்பெயர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும். ரஹ்மானின் அடிமையையும் ஸலாமின் அடிமையையும் முஸ்லிம் அரசின் துப்பாக்கி வீழ்த்தியது. அவர்கள் செய்த குற்றம் தாயிடம் கற்ற மொழியில் படிக்கவும் பிழைக்கவும் உரிமை கேட்டது.

அதன் விலையை ஆண்டவர்கள் விரைவிலேயே செலுத்தினர். பாக்கிஸ்தானைப் பெற்றுத்தந்த முஸ்லிம் லீக், 1954ஆம் ஆண்டுக் கிழக்கு வங்காளத் தேர்தலில் பத்து இடங்களைக்கூட எட்டவில்லை. முதலமைச்சர் நூருல் அமீன் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். 1956ஆம் ஆண்டு அரசியல் சட்டம் வங்காளத்தையும் அரசுமொழியாக ஏற்றது. எட்டாண்டுகளுக்கு முன் ஒரு வாக்கியத்தில் தந்திருக்கக்கூடியதை, உயிர்களைப் பறித்தபின் தந்தார்கள். அதற்குள் நம்பிக்கை முறிந்துவிட்டது. பொருளாதாரப் பாரபட்சமும் படையாட்சியும் பிற காரணங்களாகச் சேர்ந்தன. மொழி மட்டுமே நாட்டைப் பிளந்தது என்று சொல்வது மிகை. ஆனால், முதல் விரிசல் மொழியில்தான் விழுந்தது என்பதை மறுப்பார் இல்லை. 1971இல் வங்காள தேசம் தனி நாடாயிற்று. முதன்முதல் அமைதியாக எழுந்து ஓர் இருக்கை கேட்ட தத்தா அவ்வாண்டில் இராணுவத்தால் கொல்லப்பட்டார். பிப்ரவரி 21ஐ உலகத் தாய்மொழி நாளாக யுனெஸ்கோ 1999இல் அறிவித்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் வங்காளியரை வாழ்த்திவிட்டு நாம் அமைதி அடையலாம். முடியவில்லை. வெற்றி பெற்றவர்கள் 1972இல் தம் அரசியல் சட்டத்தில் வங்காளத்தை மட்டுமே அரசுமொழியாக்கினர்; குடிமக்கள் யாவரும் வங்காளியரே என்றனர். சிட்டகாங் மலைப்பகுதியின் பிரதிநிதி மானபேந்திர நாராயண் லார்மா, தாம் வங்காளி அல்லர் என்று சபையில் எடுத்துரைத்தார், கேட்பாரில்லை. அம்மலைகளில் மூண்ட ஆயுதப் போராட்டம் 1997ஆம் ஆண்டு ஒப்பந்தம் வரை நீடித்தது. உருது பேசிய குடும்பங்களோ முகாம்களில் அடைபட்டன. அங்கே வளர்ந்த தலைமுறையினருக்குக் குடியுரிமை உண்டு என்று டாக்கா உயர்நீதிமன்றம் தெளிவாக்கியது 2008இல்தான். நேற்று அடிபட்டவன் இன்று கோலைக் கையில் எடுக்கிறான். மொழித் திணிப்பு என்பது ஓர் இனத்தின் குணம் அன்று. கையில் கிடைத்த அதிகாரத்தின் குணம்.

அரபு மொழியே ஆனாலும்

“உருதுவை விடுங்கள், அது வேத மொழி அன்று. அரபு மொழியாக இருந்தால் எந்த முஸ்லிம் மறுப்பான்?” என்று கேட்பாரும் உளர். அவர்கள் அல்ஜீரியாவைப் பார்க்கட்டும்.

பிரெஞ்சுக்காரர் அந்நாட்டை 130 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டனர். அரபு மொழியை அதன் சொந்த மண்ணிலேயே அந்நிய மொழியாக்கி 1938இல் ஆணையிட்டனர். ஆகவே, 1962இல் விடுதலை பெற்ற அல்ஜீரியா அரபு மொழியை மீண்டும் அரியணை ஏற்ற விரும்பியது முற்றிலும் நியாயமே. ஆனால், அதை நிறைவேற்றிய விதத்தில் மூன்று அநீதிகள் புகுந்தன.

முதலாவது, மக்கள் வீட்டில் பேசும் அல்ஜீரிய அரபு வேறு. அரசு புகுத்திய இலக்கிய அரபு வேறு. எகிப்து முதலிய நாடுகளிலிருந்து வந்த ஆசிரியரின் பேச்சு பிள்ளைக்கு விளங்கவில்லை.

இரண்டாவது, அரபியருக்கு முன்பிருந்தே அம்மண்ணில் வாழும் பெர்பர் மக்களின் மொழிக்குப் பள்ளியிலும் அலுவலகத்திலும் இடமே இல்லை. அவர்களும் முஸ்லிம்களே, விடுதலைப் போரில் முன்னணியில் நின்று குருதி சிந்தியவர்கள். 1980 மார்ச்சில் மவ்லூத் மம்மேரி என்னும் அறிஞர் பண்டைக் கபீலியக் கவிதைகள் பற்றி திஸி ஊஸூ பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்ற இருந்தார். அரசு அதைத் தடுத்தது. ஒரு கவிதைச் சொற்பொழிவுக்கு அஞ்சிய அரசு, ஒரு வட்டாரம் முழுவதையும் தெருவுக்கு வரவழைத்தது. 1994, 1995ஆம் ஆண்டுகளில் கபீலியப் பகுதியில் பிள்ளைகள் பள்ளியையே புறக்கணித்தனர். 2001ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே, 2002இல் அவர்களுடைய தமாஸிக்த் மொழி தேசிய மொழியாயிற்று. 2016இல் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. இங்கும் அதே கணக்குத்தான்: முதலில் மறுப்பு, பிறகு பிணங்கள், இறுதியில் சட்டத் திருத்தம்.

மூன்றாவது அநீதியே மிகக் கசப்பானது. பள்ளியை அரபு மயமாக்கியவர்கள் மருத்துவத்தையும் பொறியியலையும் பெருந்தொழிலையும் பிரெஞ்சிலேயே வைத்திருந்தனர். ஏழையின் மகன் அரபு வழியில் படித்துப் பட்டம் பெற்று வேலை தேடி வந்தபோது பிரெஞ்சு தெரியுமா என்று கேட்டனர். 1979இன் இறுதியில் அரபு வழி மாணவர்களே வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. வசதி படைத்தோர் தம் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டு, மேடையில் அரபின் மாண்பைப் பேசினர். மொழியின் பெயரால் முழங்குபவரை நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான்: “ஐயா, உம் பிள்ளை எங்கே படிக்கிறது?”

துருக்கியில் நடந்தது இதற்கு நேர்மாறான திணிப்பு. 1928இல் சட்டம் ஒன்றின் மூலம் அரபு எழுத்து அகற்றப்பட்டு இலத்தீன் எழுத்து புகுத்தப்பட்டது. பாட்டனின் கல்லறை எழுத்தைப் பேரன் படிக்க இயலாதவனானான். 1932 முதல் 1950 வரை பள்ளிவாசல்களில் பாங்கைத் துருக்கி மொழியில் சொல்லச் செய்தனர். 1950 ஜூனில் அத்தடை நீங்கியபோது துருக்கிய முஸ்லிம்கள் கண்ணீர் மல்க அரபு பாங்கைக் கேட்டனர். அதை எண்ணி நம் நெஞ்சும் நெகிழ்கிறது. நல்லது. ஆனால், அதே நாட்டில் குர்து மக்களின் மொழிக்கு நேர்ந்ததைக் கேட்டு நம்மில் எத்தனை பேர் நெகிழ்ந்தோம்? 1983இல் வந்த ஒரு சட்டம், குர்து என்னும் பெயரைக்கூட எழுதாமல், அம்மொழியில் கருத்தை வெளியிடுவதையே தடுத்தது. 1991 வரை அது செயலில் இருந்தது. குர்து மக்களும் பெரும்பாலும் முஸ்லிம்களே. பாங்கின் மொழியை அரசு மாற்றியது அநீதி என்றால், தாலாட்டின் மொழியை அரசு ஒடுக்கியதும் அநீதியே. ஒன்றுக்கு அழுது மற்றொன்றுக்கு வாளாவிருப்பது நீதி ஆகாது.

வேறு வழி இல்லையா?

உண்டு. உலகில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகளுள் ஒன்றான இந்தோனேசியாவைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான மொழிகள் வழங்கும் தீவுக்கூட்டம் அது. ஜாவா மொழி பேசுவோரே அங்குப் பெருங்கூட்டம். தலைவர்களிலும் பலர் ஜாவாக்காரர். எண்ணிக்கையே நீதி என்றால் ஜாவா மொழிதான் ஆட்சிமொழி ஆகியிருக்க வேண்டும். ஆனால், 1928 அக்டோபர் 28 அன்று கூடிய இளைஞர் மாநாடு, சிறுபான்மையோரின் தாய்மொழியும் துறைமுகங்களின் பொதுமொழியுமான மலாயைத் தேர்ந்து அதற்கு இந்தோனேசிய மொழி என்று பெயர் சூட்டியது. பெரியவருக்கு ஒரு சொல், சிறியவருக்கு ஒரு சொல் என்று படிநிலை மிகுந்த ஜாவா மொழியைவிட, மலாய் எல்லாரையும் சமமாக நிறுத்தியது. பெருங்கூட்டம் தன் உரிமையை விட்டுக்கொடுத்தது. அதனால் எவருக்கும் தாம் தோற்றதாகத் தோன்றவில்லை. பாக்கிஸ்தானில் நூற்றுக்கு ஏழு பேரின் மொழி பிளவுக்கு வித்திட்டது. இந்தோனேசியாவில் சிறுபான்மை மொழி ஒன்று நாட்டைச் சேர்த்தது. வேறுபாடு மொழியில் இல்லை. ஒன்று மேலிருந்து வந்த கட்டளை, மற்றொன்று கூடிச் செய்த உடன்பாடு.

அந்நாடும் பிழையற்றது அன்று. 1967 முதல் சீன வம்சாவளியினரின் மொழிக்கும் பண்பாட்டுக்கும் சுகார்த்தோ ஆட்சி விலங்கு பூட்டியது. ஆனால், 2000ஆம் ஆண்டில் அந்த உத்தரவை நீக்கியவர் யார்? நஹ்ளத்துல் உலமா என்னும் உலமாக்கள் பேரியக்கத்தின் தலைவராக விளங்கிய அப்துர் ரஹ்மான் வாஹித் அவர்கள். பிற சமயத்தவரின் மொழிக்கு ஓர் ஆலிமே வாசல் திறந்தார். நாம் பெருமை கொள்ள வேண்டியது இத்தகைய செயல்களுக்கே.

நம் வரலாறும் இதையே கற்பிக்கிறது. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் வங்காள மொழியை அரபு எழுத்தில் எழுத வேண்டும் என்று பாக்கிஸ்தான் அரசு முயன்றது. அத்திட்டத்தை மக்கள் வெறுத்து ஒதுக்கினர். ஆனால், காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கைக் கரையிலும் நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். அரபுத் தமிழில் மார்க்க நூல்கள் பிறந்தன, பாடல்கள் பிறந்தன, வீட்டிலிருந்த பெண்மக்கள் அவற்றை ஓதினர். இரண்டு இடத்திலும் செய்த காரியம் ஒன்றே. அங்கு ஏன் வெறுப்பு? இங்கு ஏன் விருப்பு? அங்கு அரசாணை இருந்தது. இங்கு அன்பு இருந்தது. உமறுப்புலவர் சீறாப்புராணத்தைத் தமிழில் பாடினார். எந்தச் சட்டமும் அவரை ஏவவில்லை. குர்ஆனை நாம் அரபியில் ஓதுகிறோம். எந்தக் காவலரும் நம் பின்னால் நிற்கவில்லை. அதனால்தான் அம்மொழி நம் நெஞ்சில் புனிதமாக வாழ்கிறது.

கண்ணாடியை நம் பக்கம் திருப்புவோம்

1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று இலங்கை சட்டம் இயற்றியபோது, தமிழ் பேசும் முஸ்லிமும் அந்த வாசலுக்கு வெளியே நின்றார். தமிழுக்கும் ஆட்சிமொழித் தகுதி தரும் திருத்தம் 1987இல் வந்தபோது நாடு உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தது. 1965இல் இந்தி பற்றித் தமிழகம் கொதித்ததும், 1967ஆம் ஆண்டுத் திருத்தம் ஆங்கிலத்தின் தொடர்ச்சிக்கு உறுதி தந்ததும் நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்தவை. திணிப்பு என்றால் என்னவென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அவ்வாறாயின், ஒரு கேள்வி. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்ட நம் சகோதரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைப் பத்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ஒரு வகுப்பாகக் கட்டாயப் பாடமாக்கியது. இம்மண்ணில் வாழும் பிள்ளை தமிழ் கற்பது அப்பிள்ளைக்கே நன்மை. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், உருதுப் பள்ளிகள் உள்ளிட்ட சிறுபான்மை மொழிப் பள்ளிகள் தம் பிள்ளைகளின் தேர்வுக்காக நீதிமன்றப் படியேறி விலக்குக் கேட்க நேர்ந்தபோது, தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நாம் என்ன செய்தோம்? நம்மில் பலர் அது வேறு யாருடைய சிக்கலோ என்று இருந்துவிட்டோம். “ஒரு காலத்தில் உருது தெரியாதவனை அரை முஸ்லிம் என்று எண்ணியவர்கள்தாமே!” என்று உள்ளூர மகிழ்ந்தவர்களும் உண்டு. அவ்வாறு எண்ணியவர்கள் இருந்தனர் என்பது உண்மையே. அந்த வடு நமக்கும் உண்டு. ஆனால், அன்று அவர் செய்த பிழைக்கு இன்று அவர் பிள்ளை ஏன் தண்டம் கட்ட வேண்டும்? டாக்காவில் வென்றவர்கள் செய்த பிழையை நாமும் செய்ய வேண்டுமா?

தமிழுக்கு உரிமை கேட்கும் தகுதி நமக்கு எப்போது முழுமை பெறும்? தமிழ் பெரும்பான்மையாக உள்ள இடத்தில், சிறுபான்மையான மொழிக்கு நாம் காவல் நிற்கும்போதுதான். நம் ஜமாஅத்துகள் செய்யக் கூடியவை எளியவை. உருதுப் பள்ளிக்குத் தமிழாசிரியர் இல்லையெனில், அவரை அமர்த்தும்படி கேட்கும் மனுவில் தமிழ் ஜமாஅத்தும் கையெழுத்திடட்டும். உருதுவுக்கு ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால் அதையும் நாமே கேட்போம். இரு மொழியாரும் வாழும் மஹல்லாவில் ஜுமுஆ உரையின் பொருள் இரு சாராருக்கும் எட்டும்படி ஏற்பாடு செய்வோம். உருதுக்காரரும் அவ்வாறே தம் பிள்ளைகளுக்குத் தமிழைச் சுமையாக அன்றி, இம்மண்ணின் சொத்தாகக் கையளிக்கட்டும்.

மொழி ஒன்றாக இருந்திருந்தால் சமுதாயம் ஒன்றுபட்டிருக்கும் என்று மஜ்லிஸில் பேசும் பெரியவருக்கு நம் மறுமொழி இதுவே: ஐயா, டாக்காவில் சுட்டவரும் சுடப்பட்டவரும் ஒரே கலிமாவை மொழிந்தவர்கள்தாம். அவர்களைப் பிரித்தது இரண்டு மொழிகள் இருந்ததன்று. ஒன்று மட்டுமே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். கலிமா ஒன்றாக இருக்கட்டும். மொழிகளை இறைவன் படைத்தபடியே பலவாக விட்டுவிடுவோம்.